கூப்பிட்டேன், திரும்பவில்லை

அன்புள்ள சிட்டுவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான் சுகம், சித்தி சுகம், அம்மா இருக்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். அம்மாவும் சுகம் என்று எழுதினால் அது பொய், சுகமில்லை என்று எழுதினால் நீ அதற்கு மேல் என்னென்னவோ நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடப்பாய், அதனால்தான் இருக்கிறாள் என்று மட்டும் எழுதினேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தால் எனக்குத் தெரிவது அதுதான், போர்வை மெல்ல ஏறி இறங்குகிறது, ஜன்னல் வெளிச்சம் அவள் கால்மாட்டில் விழுந்து கிடக்கிறது. கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்துவிட்டாரே என்று சிரிக்காதே. போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் உனக்கு அழுகை வந்துவிடுகிறது, உனக்கு அழுகை வந்தால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது, அப்புறம் சாப்பிட்டியா, சாப்பிட்டீங்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசத் தெரிந்த எனக்கு என் மகளிடம் ஒரு விஷயத்தைக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. கடிதத்தில் நீ குறுக்கே அழ முடியாது பார், அந்த வசதிக்காகத்தான் எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டு அழுதுகொள்.

முதலில் வீட்டு நிலவரம். அம்மாவின் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டோம், உள்ளறையில் காற்று இல்லை, நர்ஸம்மா வந்து போகவும் இடம் பத்தவில்லை. தையல் மெஷினை ஜன்னலோரமாகத் தள்ளி மேலே ஒரு துணி போட்டு மூடியிருக்கிறேன். பாதி தைத்த பள்ளிச் சீருடைகள் ஒரு பை நிறைய இருந்தன, யார் யாருடையது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன், பிள்ளைகளின் அம்மாக்களே ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள், ஒருத்தி மட்டும் இருக்கட்டும் சார், அக்கா எந்திரிச்சு தைக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நல்ல மனசு. எனக்குத்தான் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. பக்கவாதத்தில் விழுந்த வலது கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன, பேச்சு வரவில்லை. கஞ்சியைக் கரண்டியில் ஊட்டினால் விழுங்குகிறாள், சில நாள் வாயை மூடிக்கொள்கிறாள். கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாள், அது எதைப் பார்க்கிறது என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. உன் சித்தி பெட்டியும் கையுமாக வந்து இறங்கியதிலிருந்து சமையலறைக் கவலை எனக்கு விட்டது, ஆனால் அவளோடு வேறொரு தொல்லை. அம்மாவுக்கு வலது கண்ணில் எப்போதும் நீர் வடிகிறது, இமை சரியாக மூடாததால் என்று டாக்டர் சொல்லி மருந்தும் கொடுத்திருக்கிறார், சித்திக்கோ அது கண்ணீர். அக்கா என்னைப் பார்த்துத்தான் அழுறா அத்தான் என்று காலையில் ஒரு தடவை, சாயங்காலம் நீங்க லேட்டா வந்தீங்கன்னு அழுறா அத்தான் என்று இன்னொரு தடவை. விரல் துடித்தால் தையல் போடுகிறாளாம். நான் ஒன்றும் சொல்வதில்லை. அவளுக்கும் மனசைச் சாய்த்து வைக்க ஒரு சுவர் வேண்டுமே.

உனக்குத் தெரியாததா, இந்த விஷயத்தில் நான் சித்திக்கு நேர் எதிர். அம்மா என்னை ஓட்டுவாளே, மழை வருமாங்கன்னு கேட்டா மேகம் இருக்குன்னு பதில் சொல்ற மனுஷனைக் கட்டிக்கிட்டேன், காயுற துணியை எடுக்கவா வேண்டாமான்னு இவர்கிட்ட எப்படிக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறது என்று. பால் பொங்கிடுச்சான்னு பார்க்கச் சொன்னால் பால் விளிம்புக்கு வந்திருக்கு என்று அடுப்பு முன்னாலிருந்து குரல் கொடுத்துவிட்டு நின்றேன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பழக்கம்தான் இப்போது நமக்கு வினையாக முடிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னோடு பேசிய அன்றைக்கு அம்மா எப்படிப்பா இருக்காங்க என்று நீ கேட்டாய், நான் பார்த்ததைச் சொன்னேன், கண்ணைத் திறந்திருக்கா, பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பலை என்று. அவ்வளவுதான் சொன்னேன். முதலில் லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட் போடப்போகிறேன் என்றவள் போன வாரம் பேசும்போது வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டதாகச் சொன்னாய். அம்மாவுக்கே நான் யாருன்னு தெரியலை, நான் வந்து என்னப்பா பண்ணப்போறேன், அப்புறமா வரேன்ப்பா என்று சொன்னாய். அந்த அப்புறம் எதற்கப்புறம் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் மேல் கோபமில்லை கண்ணு. அடையாளம் தெரியாத அம்மாவின் முன்னால் போய் நிற்க யாருக்குத்தான் தெம்பு இருக்கும், எனக்கே தினமும் காலையில் அந்த அறைக்குள் போகுமுன் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அம்மாவுக்கு உன்னைத் தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை. நான் சொன்னது கூப்பிட்டேன், திரும்பவில்லை. மிச்சத்தை நீ போட்டுக்கொண்டாய். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் நீ, மெஷின் காட்டுகிற எண்ணை எழுதுவாயே தவிர இந்த ஆள் பிழைப்பாரா மாட்டாரா என்று அதன் கீழே எழுதுவாயா? சொந்த அம்மா என்று வந்ததும் உனக்கும் அது மறந்துபோயிற்று. எனக்கும்தான். உண்மையைச் சொன்னால் நானும் மனசுக்குள் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தேன், வாயால் மட்டும் சொல்லாமல் இருந்தேன்.

இதை எழுத உட்கார்ந்த காரணம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அரைநாள் மட்டும் வந்தால் போதும் என்று ஹெச்.எம். அம்மா சொல்லியிருக்கிறார், நர்ஸம்மா இருக்கிற நேரத்தில் போய் வருகிறேன், வீட்டிலேயே அடைந்து கிடந்தால் எனக்கும் கிறுக்குப் பிடித்துவிடும். ஏழாம் வகுப்பில் இந்த வாரம் அறிவியலில் உற்றுநோக்கலும் ஊகமும் பாடம். உனக்கு நான் அந்த வகுப்பில் பாடம் எடுத்தபோது நனைந்த குடையைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கும் அதே குடைதான். வராந்தாக் குழாயில் நனைத்து எடுத்துக்கொண்டு போய் வைப்பேன், என்ன பார்க்கிறீங்க என்பேன், வெளியே மழை பெய்யுது சார் என்று கத்துவார்கள், ஜன்னலுக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும், மழையை யார் பார்த்தது, நீ பார்த்தது ஈரக் குடை என்று தொடங்குவேன். இந்தத் தந்திரம் இப்போது செல்லாக்காசாகிவிட்டது, மேல் வகுப்புப் பிள்ளைகள் கீழ் வகுப்புக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். இந்தத் தடவை என்ன ஆயிற்று என்றால், பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிறேன், எங்கிருந்தோ ஒரு பாட்டம் மழை பிடித்துக்கொண்டது, நிஜமாகவே நனைந்து, நிஜமாகவே நனைந்த குடையோடு வகுப்புக்குள் நுழைந்தேன். அதற்குள் மழை நின்று வெயில் வந்துவிட்டது. குடையை மேஜையில் வைத்ததுதான் தாமதம், வகுப்பே எழுந்து நின்று குழாய்ல நனைச்சீங்க சார், எங்களுக்குத் தெரியும் என்று ஒரே கூச்சல். என் சட்டை நனைந்திருக்கிறது, தலை நனைந்திருக்கிறது, கால்சட்டையில் சேறு. அது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. இதை அம்மாவிடம் போய்ச் சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்று முதலில் நினைத்தேன், அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அதனால் குடையை மூலையில் வைத்துவிட்டு வேறு உதாரணம் சொல்லலாம் என்று பார்த்தேன், மனசில் வேறு எதுவும் வரவில்லை. நோட்டில் இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் நினைத்தது என்று தலைப்புப் போடச் சொல்லிவிட்டு, ஒருத்தரைக் கூப்பிடுறோம், அவர் திரும்பலை, எழுதுங்க என்றேன். யார் என்று நான் சொல்லவில்லை. இடது பக்கம் எல்லோரும் சரியாக எழுதிவிட்டார்கள், கூப்பிட்டோம், திரும்பவில்லை, அதில் தப்புச் செய்ய என்ன இருக்கிறது. வலது பக்கத்தை ஒவ்வொருவராக எழுந்து படிக்கச் சொன்னேன். அவருக்குக் காது கேக்காது சார் என்றான் ஒருவன். தூங்குறாரு. கோவமா இருக்காரு, எங்க அக்கா இப்படித்தான் சார், கூப்பிட்டா வேணும்னே திரும்ப மாட்டா. கழுத்து சுளுக்கிக்கிச்சு. ஏதோ யோசனையில இருக்காரு. கூப்பிட்டது ரொம்ப மெதுவா இருந்திருக்கும். திரும்புனா கடைக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்துக்கிட்டு இருக்காரு, இதைச் சொன்னவன் யார் வீட்டுக் கதையைச் சொல்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும், சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கடைசி பெஞ்சில் ஒரு பெண் உண்டு, எதற்கெடுத்தாலும் கையைத் தூக்குவாள், பிள்ளைகள் அவளுக்குக் கேள்விக்குறி என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் எழுந்து, சார், அவரை வேற பேர்ல கூப்பிட்டிருப்பீங்க, எங்க வீட்ல என்னை யாரும் பள்ளிக்கூடத்துப் பேர்ல கூப்பிட மாட்டாங்க, கூப்பிட்டா எனக்கே யாரையோ கூப்பிடுறாங்கன்னுதான் தோணும் என்றாள். வகுப்பு முழுக்க எழுதியதைக் கேட்டுவிட்டேன் சிட்டு, அவர் நம்மை மறந்துவிட்டார் என்று ஒரு பிள்ளை கூட எழுதவில்லை. நீயும் நானும் சந்தேகமே இல்லாமல் போய் உட்கார்ந்துகொண்ட அந்த ஒரு ஊகம் அத்தனை நோட்டுகளில் ஒன்றில் கூட இல்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ எழுதுவது போல நின்றுகொண்டேன். மணி அடிக்கிற வரை திரும்பவில்லை. அந்தப் பிள்ளைகள் அதற்கு என்ன காரணம் எழுதிக்கொண்டார்களோ தெரியாது.

பஸ்ஸில் வரும்போது கேள்விக்குறி சொன்னதுதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டாக்டர் என்ன செய்தார், பேர் சொல்லிக் கூப்பிடுங்க சார், சத்தமா கூப்பிடுங்க என்றார். நானும் குனிந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிடும்போதே எனக்கு நாக்கு புரளவில்லை, கூச்சமாகவும் இருந்தது, வேறு யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிடுவது போல. காரணம் இப்போதுதான் புரிகிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவளை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. முதலில் கொஞ்ச காலம் இந்தா, இங்க பாரு என்று ஓடியது, நீ பிறந்து பேர் வைத்து அந்தப் பேர் சுருங்கி சிட்டுவானதும் அவளுக்கும் அதுவே பேராகிவிட்டது. தண்ணி வேணும் என்றாலும் சிட்டு, செருப்பைக் காணோம் என்றாலும் சிட்டு. நீ உள்ளேயிருந்து நானாப்பா அம்மாவாப்பா என்று கத்துவாய், அம்மா மெஷினை நிறுத்தாமல், குரல்ல சிடுசிடுப்பு இருந்தா எனக்குடி, கொஞ்சல் இருந்தா உனக்கு என்பாள். நீ கிளம்பிப் போன மறுநாள் பழக்க தோஷத்தில் சிட்டு என்று கூப்பிட்டுவிட்டு நானே திகைத்து நின்றேன், அவள் வந்து நின்று, இனிமே ஒருத்திதானே, குரலைப் பார்க்க வேண்டியதில்ல, சொல்லுங்க என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. அப்படிப்பட்டவளை ஆஸ்பத்திரியில் எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்குப் பழக்கமே இல்லாத பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோம். நர்ஸம்மா கூட அந்தப் பேரைச் சொல்லி அம்மா போட்டுத்தான் கூப்பிடுகிறாள்.

வீட்டுக்கு வந்தேன். சித்தி பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள், நர்ஸம்மா கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன், எப்போதும் நிற்கிற இடம்தான், அவள் தலைக்குப் பக்கத்தில் ஜன்னல் ஓரம், வாசற்படி அறையின் எதிர்ப்பக்கம் இருக்கிறது. இதை எதற்கு இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால் பின்னால் அது வேண்டியிருக்கும். சிட்டு என்று கூப்பிட்டேன். எந்தக் குரலில் கூப்பிட்டேன் என்று கேட்காதே, சிடுசிடுப்பும் இல்லை கொஞ்சலும் இல்லை, பாதியில் உடைந்துபோன ஒரு குரல். அவள் தலை அசைந்தது சிட்டு. மெதுவாக, தலையணையில் உராய்கிற சத்தம் கேட்கிற மாதிரி, முகம் திரும்பியது. நர்ஸம்மா கையைத் துடைக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வராது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நம்மவளுக்கு நம்மைத் தெரிகிறது, நம் குரல் தெரிகிறது, நாம் கூப்பிடுகிற பேர் தெரிகிறது என்று அந்த நேரத்தில் நினைத்தேன். இது வலது பக்கத்தில் எழுத வேண்டியது என்கிற புத்தி அப்போது இல்லை.

ஒரு தடவை நடந்தது தற்செயலாக இருக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான், அதனால் மறுநாளும் செய்து பார்த்தேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அசைவில்லை. இங்க பாரு என்றேன், அசைவில்லை. சிட்டு என்றேன், திரும்பினாள். நர்ஸம்மாவைச் சிட்டு என்று கூப்பிடச் சொன்னேன், பாவம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கூப்பிட்டாள், திரும்பவில்லை. நான் கூப்பிட்டால் எல்லா நேரமும் திரும்புவதும் இல்லை, அதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது, சில தடவை ஒன்றுமே நடக்கவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தங்கமான மனுஷர், நல்ல அறிகுறிதான் சார் என்றவர், ஆனா இதை வெச்சு ரொம்ப தூரம் யோசிக்காதீங்க, இருதயம் பலவீனமா இருக்கு, அது நான் பரிசோதிச்சுப் பார்த்தது, எத்தனை நாள் தாங்கும்ங்கறது நான் நினைக்கிறது, அதை என்கிட்ட கேட்காதீங்க என்றார். நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

இப்போது நான் உனக்குச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன், இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாகத் தடுமாறினேன். நான் கூப்பிட்டபோது நான் நின்ற இடம் ஜன்னல் ஓரம் என்று எழுதினேன் அல்லவா, அவள் முகம் திரும்பியது அந்தப் பக்கம் இல்லை. எதிர்ப்பக்கம், வாசற்படிப் பக்கம். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஒருநாள் நான் இடம் மாறி வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன், முகம் என் பக்கம்தான் வந்தது, ஆனால் கண் என் மேல் தங்கவில்லை, என் தோளைத் தாண்டிப் பின்னால் போயிற்று. நான் கொஞ்சம் நகர்ந்தேன், கண் என்னோடு வரவில்லை, வாசலிலேயே நின்றது. முப்பது வருஷம் கூடவே இருந்தவன் எதிரில் நிற்கிறேன், அவள் என்னைத் தாண்டிப் பார்க்கிறாள். கஷ்டமாகத்தான் இருந்தது சிட்டு, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், சின்னப் பிள்ளை மாதிரி பொறாமையாகக் கூட இருந்தது. அப்புறம் மனசு கொஞ்சம் நிதானத்துக்கு வந்ததும் யோசித்தேன். சிட்டு என்றால் அவளுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, இந்த மனுஷன் என்னைக் கூப்பிடுகிறார். இன்னொன்று, இந்த மனுஷன் என் மகளைக் கூப்பிடுகிறார், அப்படியானால் மகள் வந்திருக்கிறாள். முதல் அர்த்தம் என்றால் என்னைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

இதை வாய் தவறி உன் சித்தியிடம் சொல்லிவிட்டேன். உன் சித்தியைத்தான் தெரியுமே, ஒரு நிமிஷம் பொறுக்கவில்லை, நேரே கட்டிலுக்குப் போய்க் குனிந்து அக்கா, சிட்டு வந்துட்டா, சிட்டு வந்துட்டா பாரு என்று அம்மாவின் காதில் சொல்லிவிட்டாள். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் சொல்லியாகிவிட்டது. அம்மாவின் முகம் வாசல் பக்கம் போயிற்று. போனது திரும்பவில்லை. கஞ்சி கொண்டுவந்தோம், வாயை மூடிக்கொண்டாள். நர்ஸம்மா தலையணையைச் சரி செய்ய முகத்தை நிமிர்த்தி வைத்தாள், மறுபடியும் மெல்ல மெல்ல அந்தப் பக்கமே போயிற்று. வெளியே யாரோ நடந்துபோகிற சத்தம் கேட்டபோது இடது கை போர்வையை விட்டு வெளியே வந்தது. கண் தானாகச் சொருகுகிற வரை அப்படியே கிடந்தாள். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக உன் சித்தியிடம் கை ஓங்காத குறையாகச் சத்தம் போட்டேன், அவளும் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள், அவள் நல்லதுக்கென்று நினைத்துச் செய்தது. அத்தோடு சரி, நானும் கூப்பிட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். ஈரக் குடையை வைத்துக்கொண்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் விளையாடலாம், காத்துக்கொண்டிருக்கிறவளை வைத்து விளையாடக் கூடாது.

காத்துக்கொண்டிருக்கிறவள் என்று எழுதிவிட்டேன் பார். அதை நான் பார்க்கவில்லை. பார்த்தது முகம் திரும்பியது, கண் வாசலில் நின்றது, கை வெளியே வந்தது, அவ்வளவுதான். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி இடது பக்கம் எழுதியிருந்தால் அந்த வார்த்தையைக் கோடு போட்டு அடித்துவிட்டு வலது பக்கம் எழுது என்று சொல்லியிருப்பேன். அடிக்க மனசு வரவில்லை, இருக்கட்டும்.

நீ வந்தால் அம்மா உன்னை அடையாளம் கண்டுகொள்வாள் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். கண்டுகொள்ளாமல் போகலாம், நீ எதிரில் நிற்கும்போது உன்னையும் தாண்டிப் பார்க்கலாம், அப்போது உனக்கு நெஞ்சு உடையும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டிவரும். ஆனால் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டு அங்கே உட்கார்ந்திருக்காதே. அது பார்க்காமலே எழுதுகிற முடிவு, என் மகள் அப்படி எழுதக் கூடாது. மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல், அவர் புரிந்துகொள்வார், லீவை மறுபடி கேட்டுப் பார். பயணத்தில் வயிற்றைக் காயப்போடாதே, கிளம்பும் முன் அங்கே அழுதுகொண்டே வண்டி ஓட்டாதே, வருகிற வழியில் குளிர் என்றால் காதை மூடிக்கொள், உனக்குச் சின்ன வயசிலிருந்தே காதுதான் முதலில் வலிக்கும். எனக்கென்று எதுவும் வாங்கி வர வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலனும் பெற்று நூறாண்டு ஒற்றுமையாக இருக்க வேண்டும், அம்மா வாயால் சொல்ல முடியாததையும் சேர்த்து நானே சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வாசல் மணி கெட்டுப்போய்க் கிடக்கிறது, அழுத்திக்கொண்டு நிற்காதே. கதவு திறந்துதான் இருக்கும். படியில் நின்று அம்மான்னு கூப்பிடு.

உன் அப்பா